மந்தநிலையும் ஆடைத் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் சரிந்தால் துணி வியாபாரத்துக்கு ஏன் முதலில் அடி விழுகிறது?

வாடகையைத் தள்ளிப்போட முடியாது, மருந்தைத் தள்ளிப்போட முடியாது. புதுச் சட்டையைத் தள்ளிப்போடலாம். அலமாரியில் ஏற்கெனவே பத்து இருக்கும். அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனித்து வந்ததற்குக் காரணம் இதுதான். வெளியே தெரியாத துணியைக்கூட வாங்காமல் ஒத்திப்போடுகிறார்கள் என்றால் வீட்டில் பணம் உண்மையாகவே இறுகிவிட்டது என்று பொருள்.

கடையில் விழும் அடியைவிட ஆலையில் விழும் அடி பல மடங்கு பெரியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கடை மாதம் 100 சட்டை விற்கிறது, மூன்று மாத விற்பனைக்கான 300 சட்டைகளை இருப்பில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். விற்பனை 90 ஆகக் குறைந்தால் தேவையான இருப்பும் 270 ஆகிவிடும். அந்த மாதம் விற்கப்போவது 90, அதில் 30 ஏற்கெனவே கையில் உபரி. ஆகவே புது ஆர்டர் 60 தான். கடையில் 10 சதவீதம் குறைந்தது, தையல் ஆலைக்கு 40 சதவீதமாகப் போய்ச் சேர்கிறது. தையல் ஆலையும் தன் துணி இருப்பைக் குறைக்கும், துணி ஆலை நூல் இருப்பைக் குறைக்கும். கடைசியில் நூற்பாலை வரை போகும்போது சில மாதங்களுக்கு ஆர்டரே இல்லாமல் போவதும் உண்டு. தரம் குறைவதற்கான முதல் அழுத்தம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. காலியாகக் கிடக்கும் ஆலை எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்ட விலைக்குள் வேலையை முடிக்க எதையாவது குறைத்தாக வேண்டும்.

மந்தநிலை தொடங்கியதுமே தரம் குறைந்துவிடுமா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். கடையில் இன்று தொங்கும் துணிக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் முன்பே விலை பேசி, நூல் வாங்கி, ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. மந்தநிலை அடித்த முதல் சில மாதங்களில் கடையில் இருப்பது நல்ல காலத்துச் சரக்கு, அதுவும் பாதி விலையில். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடைகள் விலையுயர்ந்த வடிவமைப்பாளர் ஆடைகளுக்கு 70 சதவீதம் வரை தள்ளுபடி கொடுத்தன. அப்போது விற்ற துணியின் தரத்தில் குறை எதுவும் இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

சரிவுக்குப் பிறகு பேசப்பட்ட ஆர்டர்கள் கடைக்கு வர ஓராண்டு வரைகூட ஆகும். மெலிந்த துணியும் அவசரத் தையலும் அப்போதுதான் வருகின்றன, அதாவது நிலைமை சீராகிறது என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கும் நேரத்தில். எனவே பணம் கொஞ்சம் கையில் இருப்பவர் மந்தத்தின் தொடக்கத்தில் வாங்குவது நல்லது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குக் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

விலையை ஏற்றிவிட்டுத் தரத்தைக் காப்பாற்றக் கூடாதா?

செய்யலாம், ஆனால் பெரும்பாலான பிராண்டுகள் செய்வதில்லை. துணிக்கு விலை பின்னோக்கித்தான் போடப்படுகிறது. “இந்த டி-ஷர்ட் இந்த விலைக்கு விற்க வேண்டும்” என்று முதலில் முடிவாகும். அதிலிருந்து கடையின் லாபம், வரி, கப்பல் கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் ஆலைக்குப் போகும். வாடிக்கையாளர் விலையை மனத்தில் பதிய வைத்திருக்கிறார். துணியின் எடையை வைத்திருப்பதில்லை. விலை கூடினால் அன்றே தெரியும், துணி மெலிந்தால் இருபது சலவைக்குப் பிறகுதான் தெரியும். இந்த இடைவெளிக்குள்தான் எல்லாக் குறைப்பும் நடக்கிறது.

சரி, எங்கே குறைக்கிறார்கள்?

முதல் கை துணியின் எடை மேல்தான் விழும். அடிப்படைப் பின்னலாடையில் ஆலை விலையில் பாதிக்கு மேல், பல நேரம் 60 சதவீதம் வரை, துணியின் செலவு. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியை 160 ஆக்கினால் எடை 11 சதவீதம் குறையும். மொத்தச் செலவில் ஏறக்குறைய ஆறரை சதவீதம் மிச்சம். தையலில் எவ்வளவு கஞ்சத்தனம் பண்ணினாலும் இந்த அளவு கிடைக்காது. 140 வரை இறங்கிய துணியில் உள்ளே போட்டிருப்பது தெரியும், தையல் ஓரத்தில் கண்ணி இழுபடும், அக்குளில் சீக்கிரம் ஓட்டை விழும்.

அடுத்தது நூல். கோம்டு நூல் என்றால் பஞ்சைச் சீவி, குட்டை இழைகளை வெளியே எடுத்துவிட்டு நூற்றது. அந்தச் சீவலில் பஞ்சின் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் கழிவாகப் போகும். அந்தக் கழிவைத் தவிர்க்கத்தான் இந்தச் சீவல் இல்லாத கார்டட் நூலுக்கு மாறுகிறார்கள். குட்டை இழைகள் நூலுக்குள் நிற்காமல் வெளியே தலை நீட்டும், உராய்வில் சுருண்டு உருண்டையாகும். சுழலும் கிண்ணத்தில் வேகமாக நூற்கும் ஓப்பன் எண்டு நூல் இன்னும் மலிவு. சொரசொரப்பும் கூட, வலுவும் குறைவு. மேல் சட்டைத் துணியில் இரட்டை இழை நூலுக்குப் பதில் ஒற்றை இழை வரும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, காலர் மடிப்பு தேயும் வேகத்தில் தெரியும்.

மூன்றாவது கலப்பு. பாலியஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. மந்தத்தில் எண்ணெய் விலை விழுவது வழக்கம் என்பதால் பாலியஸ்டரும் மலிவாகும், பருத்தியில் கலக்கும் ஆசை கூடும். கலப்பே கெட்டது என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போடும் உறுதியான துணிக்குச் சரியான விகிதத்தில் கலந்தால் ஆயுள் கூடும். ஆனால் மட்டமான குட்டை இழைப் பருத்தியோடு பாலியஸ்டரைக் கலந்தால் மோசமான உருண்டைகள் வரும். முழுப் பருத்தியில் உருளும் உருண்டை நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறாமல் அதைத் துணியோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான்காவது, அளவு. இதை யாரும் கவனிப்பதில்லை. சட்டை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகும், மடிப்பு 2.5 சென்டிமீட்டரிலிருந்து 1.5 ஆகும், பாவாடையின் கொசுவம் குறையும், பேன்ட்டின் பின்பக்கம் பிரித்துத் தளர்த்திக்கொள்ள விடும் கூடுதல் துணி காணாமல் போகும். கட்டிங் மேசையில் துண்டுகளை இரண்டு மூன்று டிகிரி சாய்த்து அடுக்கினால் துணி மிச்சமாகும், ஆனால் இழை நேராக ஓடாது. அந்தப் பேன்ட்டின் கால் துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும்.

தையலில் என்ன மாறும்?

ஒரு அங்குலத்துக்கு 12 தையல் போட்ட இடத்தில் 8 போடுவார்கள். நிமிடத்துக்கு 4,000 தையல் ஓடும் மெஷினில் 12 தையலுக்கு 333 அங்குலம் நகரும், 8 தையலுக்கு 500 அங்குலம் நகரும். காகிதத்தில் பெரிய மிச்சம். நடைமுறையில் தையல்காரரின் நேரத்தில் பெரும்பகுதி துண்டை எடுத்து, சேர்த்து, திருப்பி வைப்பதில்தான் போகிறது. மெஷின் உண்மையில் ஓடுவது குறைந்த நேரமே. ஆக, கிடைக்கும் மிச்சம் சொற்பம், இழக்கும் உறுதி அதிகம். மிக முட்டாள்தனமான குறைப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து.

நூல் கண்டிலும் கை வைப்பார்கள். ஐந்து நூல் ஓவர்லாக் தையலுக்கு, தைத்த நீளத்தைப்போல் 18 முதல் 20 மடங்கு நூல் வேண்டும். மூன்று நூல் ஓவர்லாக்குக்கு ஏறக்குறைய 14 மடங்கு போதும். நெய்த துணியில் பக்கத் தையலை மூன்று நூலில் மட்டும் போட்டால் உட்காரும்போது வாய் பிளக்கும். பின்னலாடையில் தோளுக்குள் வைக்கும் நாடாவை எடுத்துவிட்டால் நான்கு மாதத்தில் தோள் இறங்கி, கழுத்து விரியும். பாக்கெட் மூலையிலும் ஜிப் அடியிலும் போடும் பார்டேக் (நெருக்கமான உறுதித் தையல்) ஒன்றிரண்டு குறையும். பட்டன் காஜாவில் தையல் நெருக்கம் குறையும்; பட்டனை ஒற்றை நூல் சங்கிலித் தையலில் பிடித்து, முடிச்சில்லாமல் விடுவார்கள். நுனியை இழுத்தால் முழுதும் அவிழ்ந்து வரும்.

கோட்டில் நடப்பது இன்னும் மறைவானது. மார்புப் பகுதிக்குள் தைத்துப் பொருத்தும் கேன்வாஸுக்குப் பதில் பசையால் ஒட்டும் பக்ரம் (விறைப்புத் துணி) வரும். ஒட்டுவதும் முறையாகச் செய்தால் நன்றாகவே நிற்கும். வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றில் ஒன்றை அவசரத்தில் குறைத்தால் சில சலவைகளில் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். எழுந்தபின் எந்த இஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது.

புதிதாக வாங்கியது கையில் பட்டால் பட்டுப்போல் இருக்கிறதே, பிறகு ஏன் சொரசொரப்பாகிறது?

சிலிக்கோன் மென்மையூட்டி போட்டிருப்பார்கள். மட்டமான நூலை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. ஐந்தாறு சலவையில் கரைந்துபோகும், அடியில் இருந்த நூல் தன் சுபாவத்தைக் காட்டும். மென்மை மட்டும் தரத்துக்குச் சாட்சி ஆகாது. நல்ல கோம்டு பருத்தி முதல் நாள் கொஞ்சம் விறைப்பாக இருந்து, துவைக்கத் துவைக்க இளகும்.

சாயம் போவதும் சுருங்குவதும்கூட இதனால்தானா?

பெரும்பாலும் ஆம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போட்டபின், நூலோடு ஒட்டாமல் மிதக்கும் சாயத்தைக் கொதிநிலைக்கு அருகில் சோப்பு நீரில் அலசி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று அலசல் தேவைப்படும் அடர் நிறத்துக்கு ஒன்றோடு நிறுத்தினால் தண்ணீரும் நீராவியும் நேரமும் மிச்சம். அந்த மிச்சச் சாயம் வாடிக்கையாளரின் வாளியில் இறங்கும். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு ஆகியவற்றில்தான் இது அதிகம்.

சுருங்குவதற்குக் காரணம், பின்னிய துணியை இழுத்த நிலையிலேயே உலர்த்தி வெட்டிவிடுவது. காம்பாக்டிங் மெஷினில் நெருக்கி விட்டால் நீளம் முன்பே குறைந்துவிடும், அதாவது அதே எடைத் துணியில் குறைந்த மீட்டர் கிடைக்கும். அந்த நஷ்டத்தை ஏற்க மனமில்லாதவர் சுருக்கத்தை வாங்குபவர் தலையில் கட்டுகிறார்.

தரச் சோதனை என்று ஒன்று இருக்கிறதே, அது தடுக்காதா?

சோதனையின் அளவுகோலையே தளர்த்திவிட்டால் தடுக்காது. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேச விதியான ஐஎஸ்ஓ 2859 முறைப்படி 3,000 துணி கொண்ட சரக்கில், வழக்கமான சோதனை நிலையில், 125 துணிகளை எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுதின் அளவு) 2.5 என்றால் குறையுள்ளவை 7 வரை ஏற்கலாம், 8 வந்தால் சரக்கு நிராகரிப்பு. அதை 4.0 என்று ஒப்பந்தத்தில் மாற்றினால் 10 வரை ஏற்கலாம். ஒற்றை எண் மாறியதில் சட்டப்படியே கூடுதல் பழுது கடைக்கு வந்துவிடுகிறது. தவிர, இந்தச் சோதனை கண்ணுக்குத் தெரியும் பழுதை மட்டும் பிடிக்கும்: கறை, அறுந்த தையல், அளவு மாற்றம். ஆர்டரே 160 ஜிஎஸ்எம் என்று கொடுத்திருந்தால் 160 ஜிஎஸ்எம் துணி சோதனையில் தேறிவிடும். ஒப்பந்தத்திலேயே எழுதிக் குறைத்த தரத்தை எந்தச் செக்கிங்கும் பிடிக்காது.

பருத்தி விலை ஏறினாலும் இதே கதைதானா?

2010–11இல் நடந்தது நல்ல உதாரணம். 2009 தொடக்கத்தில் மந்தத்தின் அடியில் ஒரு பவுண்டு பருத்தி உலகச் சந்தையில் அரை டாலருக்கும் கீழே இருந்தது. விலை இல்லாததால் விதைப்பு குறைந்தது. அடுத்து பாகிஸ்தானில் 2010இல் பெருவெள்ளம், இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, மீளத் தொடங்கிய தேவை மூன்றும் சேர்ந்தன. 2011 மார்ச்சில் பவுண்டு விலை இரண்டு டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது. வாங்குபவர்கள் கைகளில் அப்போதும் பணம் இறுகித்தான் இருந்தது, கடை விலையை ஏற்ற முடியவில்லை. கலப்புத் துணிகளும் மெல்லிய துணிகளும் பெருகின. 2012இல் பருத்தி மீண்டும் ஒரு டாலருக்குக் கீழ் இறங்கியது. இறங்கிய வேகத்தில் பழைய துணி எடை திரும்பி வரவில்லை.

ஏன் திரும்புவதில்லை?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. குறைத்த தரத்தோடு விற்பனை குறையாமல் போனால் அந்த மெலிந்த துணியே அடுத்த ஆண்டின் மாதிரி ஆகிவிடும். துணி வாங்கும் அதிகாரிக்குக் கொடுக்கப்படும் இலக்கு “போன ஆண்டு விலையைவிடக் குறைவாக” என்பதாகவே இருக்கும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய சட்டையை யாரும் மேசைமேல் வைத்து ஒப்பிடுவதில்லை.

இன்னொன்று, ஆள். தோளையும் கழுத்தையும் சுருக்கமில்லாமல் ஏற்றும் கை பல மாதப் பழக்கத்தில் வருவது. ஆர்டர் நின்றபோது ஆலை அனுப்பிவிட்ட தையல்காரர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். ஆர்டர் திரும்பும்போது புதிய ஆட்கள், பீஸ் ரேட், இரவு ஷிப்ட். சமாளிக்க முடியாத வேலை பெயர் தெரியாத சிறு யூனிட்டுகளுக்குக் கைமாறும். மீட்சிக் காலத்துத் துணியில் தையல் கோளாறு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 2020 மார்ச்சில் மேற்கத்திய பிராண்டுகள் ஆர்டர்களை நிறுத்தியபோது வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன. துணிக்கும் நூலுக்கும் ஆலைகள் தம் பணத்தைப் போட்டு முடித்திருந்தன, சரக்குக் கப்பலேறிய பின்தான் அவற்றுக்குப் பணம் வரும் என்பது ஒப்பந்தம். தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் வராத ஆலையில் சம்பளம் நின்றது. பின்னர் எழுந்த கண்டனத்தால் சில பிராண்டுகள் கொடுத்தன. தொழிலாளிக்கு நேர்ந்த இந்த அநீதியைத் தனியாகவும் துணியின் தரத்தைத் தனியாகவும் பேச முடியாது. அந்தக் கைகள்தான் அந்தத் தரம்.

எல்லாப் பழியும் மந்தநிலைக்குத்தானா?

இல்லை. 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் நாடுவாரி ஒதுக்கீடுகள் முடிவுக்கு வந்தன. ஏறக்குறைய எந்த நாட்டிலிருந்தும் எவ்வளவும் வாங்கலாம் என்றானதும் விலைப் போட்டி கடுமையானது. 2000க்கும் 2015க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது, ஒரு துணியை உடுத்தும் தடவைகள் குறைந்தன. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த சரிவில்தான் 2008 வந்து தள்ளியது.

தரம் குறையாமல் இருந்த காலமே இல்லையா?

இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. அதே ஆண்டு ‘யுடிலிட்டி’ ஆடைத் திட்டமும் வந்தது. சிசி41 முத்திரை உள்ள துணிக்கு விலை உச்சவரம்பு இருந்தது. கூடவே துணி எப்படி இருக்க வேண்டும் என்ற தர விவரமும் அரசு நிர்ணயித்ததாக இருந்தது. பாக்கெட், பட்டன், கொசுவம் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பேன்ட் அடியின் வெளிமடிப்பைத் தடை செய்தார்கள். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி எமிஸ் போன்ற முன்னணி வடிவமைப்பாளர்கள் அந்த வரம்புக்குள் மாதிரிகள் வரைந்தார்கள். திட்டம் 1952 வரை நீடித்தது. அது போர்க்காலத் தட்டுப்பாடு, சந்தை மந்தம் வேறு என்பது சரிதான். ஆனால் அலங்காரத்தைக் குறைத்து அடிப்படையைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சந்தையிலும் ஒரு வழி உண்டு. ஜப்பானின் நீண்ட தேக்கத்தின் நடுவில், 1998இல், டோக்கியோவின் ஹராஜுகுவில் கடை திறந்த யுனிக்லோ ஆடை நிறுவனம், ஃபிளீஸ் (கம்பளிபோல் மென்மயிர் கொண்ட துணி) மேலாடை என்ற ஒற்றைப் பொருளை முன்னிறுத்தியது. 2000ஆம் ஆண்டில் இரண்டு கோடிக்கு மேல் விற்றது. மாதிரிகள் குறைவு, ஒவ்வொன்றின் எண்ணிக்கை மிக அதிகம். ஆகவே துணியை மொத்தமாகப் பேசி வாங்க முடிந்தது, துணியை மெலிய வைக்காமலே விலை இறங்கியது.

சொகுசு பிராண்டுகள் தப்பிக்கின்றனவா?

எல்லாம் இல்லை. 2009இல் பிரான்சின் கிறிஸ்டியன் லக்ரோவா, ஜெர்மனியின் எஸ்காடா இரண்டும் திவால் நடவடிக்கைக்குப் போயின. 2020இல் அமெரிக்காவில் ஜே.குரூ, நீமன் மார்கஸ், புரூக்ஸ் பிரதர்ஸ் வரிசையாகப் போயின. திவாலான பெயரை இன்னொரு நிறுவனம் வாங்கி, பழைய பெயரை மட்டும் ஒட்டி வேறு ஆலையில் தைப்பது வழக்கம். நம்பி வாங்கிய பிராண்ட் கைமாறியது தெரிந்தால் பழைய நம்பிக்கையைத் தூக்கி வைத்துவிட்டு, புதுத் துணியைப் புதிதாகவே சோதித்துப் பாருங்கள்.

அவுட்லெட் கடைகளில் அதே துணிதானே மலிவாகக் கிடைக்கிறது?

ஒரு காலத்தில் மீந்த சரக்கு மட்டும் அங்கே வந்தது. இப்போது பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கின்றன. லேபிளில் சின்னக் குறியோ வேறு நிறமோ இருக்கும், துணியும் வேறாக இருக்கும். “அசல் விலை” என்று அடித்துக் காட்டும் விலையில் அந்தத் துணி எந்தக் கடையிலும் விற்றிருக்காது.

மந்தம் வந்தால் பாவாடை நீளும் என்கிறார்களே?

பழைய கதை. ரோட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பல பத்தாண்டுத் தரவை வைத்துப் பார்த்ததில், பொருளாதார மாற்றத்துக்குச் சுமார் மூன்று ஆண்டு கழித்தே பாவாடை நீளம் அசைவதாகக் கண்டார்கள். துணி வாங்க இதனால் ஒரு பயனும் இல்லை.

கடையில் நின்றபடி எப்படிச் சோதிப்பது?

இரண்டு நிமிடம் போதும். துணியை ஒற்றை மடிப்பாக விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் சீராக வடிந்தால் சரி. கோடு கோடாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நூல் சீராக இல்லை. அடுத்து பக்கத் தையலின் இருபுறமும் பிடித்து மிதமாக இழுங்கள். நடுவில் நூல் ஏணிப்படி போலப் பல் காட்டினால் தையல் தளர்வு, அல்லது துணி மெலிவு. இரண்டும் துவைக்கத் துவைக்க மோசமாகும். பிறகு 2.5 சென்டிமீட்டரில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். மேல் சட்டைக்கு 12க்குக் கீழ் இருந்தால் யோசியுங்கள். 8 என்றால் வைத்துவிடுங்கள். தடித்த ஜீன்ஸுக்கு 7, 8 இருப்பது இயல்பு.

டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியை விரித்து விடுங்கள். உடனே பழைய வடிவுக்கு வர வேண்டும், அலை அலையாக நின்றால் முதல் மாதத்திலேயே தொங்கிவிடும். சட்டையைத் தட்டையாக விரித்து, பக்கத் தையல் அக்குளிலிருந்து நேரே கீழே வருகிறதா பாருங்கள். புதிதிலேயே முன்பக்கம் சாய்ந்திருந்தால் துவைத்தபின் இன்னும் சுற்றும். ஈரக் கைக்குட்டை இருந்தால் அடர் நிறத் துணியின் உள்மடிப்பில் பத்து முறை தேயுங்கள். லேசான சாயல் ஏறினால் தனியாகத் துவைக்க வேண்டும், நன்றாக ஏறினால் வாங்க வேண்டாம். கோடு, கட்டம் போட்ட துணியில் பாக்கெட்டும் முன்பட்டியும் கோட்டோடு பொருந்தியிருக்கிறதா என்பதும் நல்ல அடையாளம். அதைப் பொருத்தத் துணி கூடுதலாகச் செலவாகும். அதைச் செலவழித்தவர் மற்ற இடத்திலும் ஓரளவு நேர்மையாக இருப்பார்.

வீட்டில் சின்னத் தராசு இருந்தால் ஒரே பிராண்டின் பழைய சட்டையையும் புதுச் சட்டையையும், ஒரே அளவு, ஒரே வகை, எடை போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்எம் தெரிந்துகொள்ள இதுதான் எளிய வழி. உதவாத பழைய துணி என்றால் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நிறுங்கள், 1.8 கிராம் இருந்தால் அது 180 ஜிஎஸ்எம்.

துவைப்பதற்கு முன் நீளத்தையும் மார்பளவையும் குறித்து வையுங்கள். முதல் சலவையில் 70 சென்டிமீட்டர் நீளம் 66.5க்குக் கீழே போனால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. லேபிளில் சொன்னபடி துவைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. பில்லை அதுவரை எறியாதீர்கள்.

விலை கூடியதை வாங்கினால் பிரச்சினை தீருமா?

உறுதி இல்லை. விலையில் விளம்பரமும் கடை வாடகையும் அடங்கும். மேலே சொன்ன சோதனையில் தேறினால் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள். எத்தனை முறை உடுத்துவோம் என்று வகுத்துப் பார்ப்பது உதவும், ஆனால் தினம் உடுத்தும் துணிக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு முறை போடும் ஆடைக்கு மலிவானதே போதும். பணம் குறைவாக இருக்கும்போது செருப்பு, உள்ளாடை, வேலைக்குப் போகும் பேன்ட் ஆகிய மூன்றிலும் தரம் பாருங்கள், மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம்.

இருக்கும் துணியின் ஆயுளை நீட்ட?

உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், கொள்ளளவில் முக்கால் பாகம் மட்டும் போட்டுத் துவையுங்கள். ஜிப்பை மூடிவிடுங்கள், திறந்த பற்கள் மற்றத் துணியைக் கிழிக்கும். புதுச் சட்டை வாங்கிய அன்றே பட்டன்களை மறுபடி தைத்துக்கொண்டால் ஒரு பட்டனும் தொலையாது.

சிறு அளவில் தைத்து விற்கிறேன். ஆர்டர் குறைந்திருக்கிறது. எதைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது?

முதலில் நிறத்தைக் குறையுங்கள். எட்டு நிறத்தை நான்காக்கினால் ஒவ்வொரு சாயத் தொட்டியும் நிறையும், துண்டு துணியும் மீதியும் குறையும், விலை பேசவும் முடியும். மாதிரிகளையும் அப்படியே. பிளாஸ்டிக் பை, அட்டை, தொங்கு லேபிள், கூடுதல் பிரிண்ட் ஆகியவற்றை எடுத்துவிடலாம். மார்க்கரை, அதாவது துணிமேல் வெட்டுத் துண்டுகளை அடுக்கும் வரைபடத்தை, மறுபடி அடுக்கிப் பாருங்கள். இழை ஓட்டத்தைச் சாய்க்காமலே இரண்டு மூன்று சதவீதம் துணி மிச்சம் கிடைப்பது அரிதல்ல. ஒரே மாதிரியில் அளவுகளைக் கலந்து அடுக்குவதுதான் அதற்கு வழி.

தொடக் கூடாதவை: தோள் நாடா, கழுத்துப் பட்டியின் எலாஸ்டேன் (இழுபடும் இழை), காம்பாக்டிங், சாய அலசல், தையல் நூலின் தரம். ஊசியை மிச்சம் பிடிக்கவே வேண்டாம். முனை மழுங்கிய ஊசி பின்னல் கண்ணியை அறுத்துவிடும். செக்கிங்கில் தெரியாது, முதல் சலவையில் தையலோரம் வரிசையாக ஓட்டை வரும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு ஊசி மாற்றுங்கள்.

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வாங்குபவர் கட்டாயப்படுத்தினால், 180க்குப் பதில் 160 என்று ஆர்டர் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துணியில் தைத்த மாதிரியை ஐந்து முறை துவைத்து, துவைக்காததன் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டுங்கள். பல நேரம் அதைப் பார்த்த பிறகு 170க்கு ஒப்புக்கொள்வார்கள்.